திற என்னும் சொல்

நேற்று இரவு பத்துக்குப் பிறகு
தண்ணீர்கூடத் தொடாமல் வந்திருக்கிறாள் முப்பிடாதி.
தாராவி தொண்ணூறடி ரோட்டில் வடை சுடுகிறவள்.
தன் வடையைத் தானே தின்ன முடியாமல் ஆகி
இரண்டு வருடம்.

பித்தப்பையைக் கல்லோடு எடுத்தாயிற்று.
வலியை எடுக்க மறந்துட்டாங்க என்கிறாள்,
வலது விலாவில் கைவைத்து.
பித்தம் தலைக்கேறிடுச்சு உனக்கு, என்கிறானாம் புருசன்.
தலைக்கு எங்கே ஏறுவது,
குடலுக்கு இறங்கவே வழியில்லை.

பரேல், மூன்றாம் மாடி, அழுத்தம் அளக்கும் அறை.
டாக்டர் பெண்ட்சே மராத்தியில் கேட்பார்,
நான் தமிழில் கேட்பேன்,
அவள் திருநெல்வேலியில் சொல்வாள்,
நான் மராத்தியில் சுருக்குவேன்.
சம்பளச் சீட்டில் நான் டெக்னீஷியன் மட்டும்தான்.

என்னவோ 'ஒட்டி'ங்கிறாரே, எதை ஒட்டி?
அது ஒரு இத்தாலிக்காரர் பேருக்கா.
பித்தக்குழாய் குடலுக்குள் வாய்வைக்கும் இடத்தில்
மோதிரம்போல் ஒரு தசை. அதற்கு அவர் பேர்.
எம் மோதிரமெல்லாம் அடகுல கெடக்கு தாயீ,
இது ஒண்ணாவது உள்ளயே இருக்கட்டும்.

மயக்கம் ஏறியதும்
அவள் பேசுவது அலைகளில்.
நிமிடத்துக்கு நாலு, சமயத்தில் ஐந்து.
பட்டினி வயிற்றிலும் ஓயாத வாசல்
சொட்டுப் பித்தத்தை அந்தப்பக்கம் தள்ளிவிட்டு
மறுபடி இறுகுகிறது.
அடி அழுத்தம் நாற்பதைத் தாண்டக் கூடாது.
அறுபத்திரண்டு.

ஊசியில் அந்தச் சேதியை ஏற்றினோம்.
மற்ற நாளில் குடல் தானே எழுதும் கடிதம் அது:
எண்ணெய் வந்திருக்கிறது,
பையே சுருங்கு, வாசலே திற.
ஒரே கடிதம், இரண்டு விலாசம்.

வாசல் தசை அதை நேராகப் படித்துவிடக் கூடாது.
படித்தால் அதுவும் பையைப் போலச் சுருங்கும்.
நடுவில் ஒரு நரம்பு வாங்கிப் பிரித்து
வேறு சொல்லாய் மாற்றித் தசையின் காதில் ஊதும்.
ஊதுவது ஒரு வாயு.
கிங்ஸ் சர்க்கிள் ரயில் பாலத்தடியில்
மாட்டிக்கொண்ட லாரிகள் கக்கும் புகையிலும்
அதே வாயுதான்.
உள்ளே அதற்குச் சில விநாடி ஆயுள்.
அதற்குள் ஒரு தசையை இளக்கிவிட்டுப் போய்விடும்.

பையிலிருந்து வாசலுக்கு ஓடிய இழைகள்
பையோடு போயிருக்க வேண்டும்.
அறுத்த கையில் குற்றமில்லை,
கண்ணுக்குத் தெரிகிற இழையா அது.

திரையில் அறுபத்திரண்டு,
எழுபது,
எண்பத்தெட்டு.
திற என்றோம். மூடிக்கொண்டது.

பெண்ட்சே கண்ணாடியைக் கழற்றினார்.
ராத்திரி வலி வந்தால் மார்ஃபின் வேண்டாம், என்றார் நர்ஸிடம்.
வலி அடங்கும். வாசல் இன்னும் இறுகும்.

நாலு மணிக்கு அவள் கண் விழித்தாள்.
'காட்னா படேகா' என்றார் அவர்,
என்னைப் பார்க்காமல், நேராக அவளிடம்.
இருபது வருடம் இந்த ஊருக்கு வடை சுட்டவளுக்கு
அந்த இந்தி போதும்.
போர்வைக்குள் முழங்கால் மடங்கியது.
கை விலாவைப் பிடித்தது.
உதடு உள்ளே போய்விட்டது.

நான் குறுக்கே புகுந்தேன்.
வயித்தைத் திறக்கப்போறதில்லைக்கா.
இன்னிக்குப் போன மாதிரி வாய் வழியா ஒரு கம்பி.
மோதிரத்துல நெல்லளவு ஒரு கீறல்.
கணையம் வீங்கிக்கலாம், சில பேருக்கு. அதையும் சொன்னேன்,
கடைசியாகச் சொன்னேன்.

கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை.
தாதர் பக்கம் போகும் லோக்கல் ஒன்று
ஜன்னலை உலுக்கிப் போனது.
பிறகு போர்வைக்குள் கால் மெல்ல நீண்டது.

அப்புறம் வடை திங்கலாமா?

மராத்தியில் கேட்டேன்.
பதில் நீளமாக வந்தது:
கொழுப்பு, சதவீதம், ஆறு வாரம், பார்க்கலாம்.

பாதி வடை, என்றேன்.